இடைவேளையில் சலீம் பாய் சொன்னது

போன மாதம் கால்பந்து முகாமில் கோல் கீப்பர்களான உங்களை மட்டும் தனியாக வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். என் கிளப்பில் எனக்கு மூத்த கீப்பரான சலீம் பாய்க்குத் தலையில் அடிபட்ட ஆட்டத்தின் கதை. மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாதது பெஞ்சில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது, கோச்சிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், பாயை வெளியே எடுத்தார்கள், ஒரு மனிதரின் தலை தப்பியது என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டல் அடங்கியதும், பெனால்டி பிடிப்பதில் உங்களில் கெட்டிக்காரியான அந்தப் பெண் எழுந்து, "அண்ணா, அவரு அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை கண்ணு" என்றேன்.

அது பொய். பன்னிரண்டு வருடமாக அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு, நல்ல மனிதன் என்ற பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன். அவள் அவ்வளவு நேராகக் கேட்டுவிட்ட பிறகு இதை மேலும் இழுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் கதையைச் சரியாக எழுதித் தருகிறேன். நேரில் சொல்ல வாய் வராது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் வால்பாறைக்காரனுக்கு எந்த ஊருக்கும் நேராகப் போய்ப் பழக்கமில்லை.

என் பெயர் துரைராஜ். எஸ்டேட்டில் துரை என்றால் மேனேஜர். தேயிலை கிள்ளும் அம்மாவுக்கும் மருந்தடிக்கும் அப்பாவுக்கும் லைன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்த அப்பாவின் தைரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேனேஜர் ரவுண்டு வரும் நேரத்தில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டேய் ராசு" என்பார்.

எங்கள் மைதானம் இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே மண்ணை வெட்டி மட்டமாக்கிய இடம். பிற்பகலானால் மூடுபனி இறங்கும். இறங்கினால் எதிரே நிற்பவனின் முகம் போய்விடும், பிறகு சட்டையின் நிறம் போய்விடும், கடைசியில் என் கோல் கம்பமே எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்டத்தை நிறுத்த மாட்டோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பனி இறங்கிவிட்டால், பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் "எங்கிட்ட, எங்கிட்ட" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும். குரல் கொடுக்காமல் வந்து அடித்தால் கோல் செல்லாது. ரெஃப்ரி கிடையாது, யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

வெள்ளைக்குள் நின்றுகொண்டு அந்தக் குரல்களைக் கேட்பேன். தூரத்தில் ஒரு குரல், கொஞ்சம் கிட்டத்தில் ஒரு குரல், பிறகு ஈரப் புல்லில் கால்கள் சறுக்கும் சத்தம். திடீரென்று பனியிலிருந்து பந்து மட்டும் தனியாக வெளியே வரும், யாரும் உதைக்காமல் தானாகவே வருகிற மாதிரி. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே கிடப்பேன். மேலே வானமும் வெள்ளை, பக்கமும் வெள்ளை. அப்படிக் கிடந்த நேரங்களில்தான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. பார்வையால் அல்ல, காதால் கோல் கீப்பர் ஆனவன் நான்.

அதனால் கீழே இறங்கி வந்ததும் வெயில் என்னைக் கெடுத்தது. பதினாறு வயதில் கோயம்புத்தூர் விளையாட்டு விடுதிக்கு வந்தேன். மைதானத்தின் அந்தக் கோடி வரை அத்தனையும் தெரிந்தது. இவ்வளவு தெரிந்தால் எதைத்தான் பார்ப்பது? முதல் வெளியூர் ஆட்டம் உடுமலைப்பேட்டையில். மைதானத்தை ஒட்டித் தென்னந்தோப்பு. சாயங்கால வெயிலில் தென்னை நிழல்கள் நீள நீளமாகப் பெனால்டி பெட்டிக்குள் வந்து கிடந்தன. ஒருவன் தூரத்திலிருந்து தூக்கி அடித்தான். பந்தின் நிழல் அந்த நிழல்களுக்கு இடையே ஓடி வருவதைப் பார்த்தேன். என்ன நினைத்தேனோ தெரியாது, நிழலின் மேல் விழுந்து அழகாக அணைத்துக்கொண்டேன். பந்து என் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

தோப்போரம் நின்ற ஒரு பெரியவர் கத்தினார்: "ஏனுங்க கீப்பரு, நெழலு நல்லாக் கெடச்சுதுங்களா?"

அவமானப்படுத்தும்போதும் மரியாதை விடாத ஊர் இது. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கூட்டம், பெயர், பேச்சு என்று பந்தைத் தவிர ஆயிரம் விஷயம் பெட்டிக்குள் ஓடிவரும். அதில் எது பந்து என்று கண்டுபிடிப்பதுதான் நம் தொழில். மற்றதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

இருபத்திரண்டு வயதில் நகரத்துக் கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்தது. இரண்டாவது கீப்பராக. முதல் கீப்பர் சலீம் பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கோட்டைமேட்டில் மெத்தை தைக்கிற குடும்பம். உயரம் என்று பார்த்தால் என்னைவிடக் குறைவுதான். ஆனால் பந்து எங்கே விழும் என்பது பந்துக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். கார்னர் வரும்போது பத்துப் பேர் துள்ளிக்கொண்டிருக்க, அவர் நிதானமாக இரண்டு எட்டு எடுத்து வைத்து, மரத்திலிருந்து மாங்காய் பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு வருவார். "அவசரப்படாதீங்கப்பா, வண்டி வந்துதான் ஆகும்" என்று டிஃபென்ஸ்காரர்களிடம் சொல்வார்.

இரண்டாவது கீப்பரின் வேலை என்ன என்று உங்களில் பெஞ்சில் உட்காரப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் யாருக்காவது கால் வலித்தால், யாராவது களைத்துப்போனால் மாற்று ஆள் இறங்கலாம். கீப்பரை அப்படி மாற்ற மாட்டார்கள். முதல் கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் உனக்கு வாழ்வு. அவரோடுதான் தினமும் பயிற்சி செய்கிறாய், அவரோடுதான் சாப்பிடுகிறாய், அவருக்குத்தான் ஆட்டத்துக்கு முன்னால் பந்து அடித்துக் கொடுத்துக் கையைச் சூடாக்குகிறாய். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சூடாக்கும்போது கடைசிப் பந்தை நான் கையால் மெதுவாகத் தூக்கிப் போடுவேன், அவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடப்பார். பிடித்த கையோடுதான் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்பார். எட்டு வருடம் அந்தக் கடைசிப் பந்தைப் போட்டேன்.

பெஞ்சில் இருப்பவனுக்கு ஆட்டம் பாதி, கனவு பாதி. மருதமலைப் பக்கம் மேகம் நகர்வதைப் பார்ப்பேன். உடம்பு பெஞ்சில் இருக்கும், மனதுக்குள் கோலில் நிற்பேன். அவர் வலப்பக்கம் தாவினால் என் வலது தோள் துடிக்கும். சில நாள் ஆட்டம் முடிந்து எழும்போது, ஆடியது அவரா நானா என்று ஒரு கணம் குழம்பும். பிறகு என் சட்டையைப் பார்ப்பேன். மடிப்புக் கலையாமல் இருக்கும்.

கிளப்பில் சட்டை துவைத்து அடுக்கும் ஒரு அக்கா இருந்தார். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் கிட் அக்கா. என் சட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொவைக்கட்டுங்களா துரை, இல்ல அப்பிடியே மடிச்சு வெச்சறட்டுங்களா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். யாரும் இல்லாதபோது ஒருநாள், "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க கண்ணு, அழுக்காகாத சட்டை அழுக்கான சட்டையவிட கனமுங்க, எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் கிளப்பில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

இனி அந்த ஆட்டம்.

லீகின் கடைசி ஆட்டம், எங்கள் ஊரிலேயே. ஜெயித்தால் கிளப் மேல் பிரிவுக்குப் போகும். அதைவிடப் பெரிய செய்தி, வெளிமாநிலத்துப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து மூன்று பேர் சலீம் பாயைப் பார்க்க வந்திருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் அவருக்கு அது வந்தது. அடுத்த முறை வரும் என்று சொல்ல முடியாத வயது. காலையில் என்னிடம், "நெறஞ்ச ஸ்டேடியத்துல ஒரு வாட்டி நிக்கோணும் துரை. ஒரே வாட்டி. அப்புறம் ஆயுசுக்கும் மெத்தை தைச்சுக்கலாம்" என்றார்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். பிறகு எதிரணிக்கு ஒரு கார்னர். பாய் எழும்பிப் பந்தைத் தட்டினார். அதே கணம் எதிரணிக்காரனின் முழங்கால் அவர் காதுக்கு மேலே பட்டது. விழுந்தார். பிசியோ ஓடினார். தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, எந்த மைதானம், என்ன ஸ்கோர், போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்டார். பாய் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். எழுந்து நின்று கையைத் தூக்கினார். கூட்டம் கைதட்டியது.

இடைவேளையில் பிசியோ இன்னொருவனின் தொடைப் பிடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கீப்பர்கள் இரண்டு பேரும் எப்போதும் குளியலறைக் கதவோரம் தனியாக உட்காருவோம். பாய் கிளவுஸைக் கழற்றி இரண்டு உள்ளங்கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"துரை, இன்னைக்கு நீ நில்லு. எனக்குப் பந்து ரெண்டாத் தெரியுது."

இதுதான் உங்களுக்குச் சொல்லாத வரி. பன்னிரண்டு வருடமாக யாருக்கும் சொல்லாத வரி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய். தண்ணி குடிங்க, செரியாப் போயிரும். உங்களைப் பாக்கத்தான அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. போங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடீங்கற?" என்றார். "ஆமாங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். மறுபடி கிளவுஸை மாட்டிக்கொண்டார். இடது கையில் வெல்க்ரோ ஒட்டவில்லை. நானேதான் இழுத்து ஒட்டிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்த அரை நிமிடத்தில் என் மனதில் ஓடியது பாயின் தலை அல்ல. நான் எழுந்துபோய் "பாய்க்கு முடியவில்லை, நான் இறங்குகிறேன்" என்று சொன்னால் அந்த அறையில் உள்ள அத்தனை பேரும் என்ன நினைப்பார்கள் என்பதுதான். எட்டு வருடம் காத்துக்கொண்டிருந்தான், பெரிய ஆட்டம் வந்ததும் பிடுங்கிக்கொண்டான் என்பார்கள். இத்தனை நாள் பொறாமையே இல்லாத நல்ல பையன் என்று வாங்கிய பெயர் ஒரே நாளில் போய்விடும். அந்தப் பெயரைக் காப்பாற்ற நண்பனின் தலையை மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம். எட்டு வருடம் கனவில் நின்று நின்று, நிஜமாக நிற்கும் நேரம் வந்ததும் கால் வரவில்லை. பெஞ்ச் பழகிவிட்டது. பெருந்தன்மை என்று நான் எல்லாருக்கும் காட்டியதில் பாதி இந்தப் பயம்தான்.

இரண்டாம் பாதிக்கு வெளியே வந்ததும் பாய், பக்கம் மாறியது தெரியாமல், முதல் பாதியில் நின்ற பழைய கோல் பக்கமே நடந்தார். ஒருவன் சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சீக்கிரமே ஒரு பந்தை அவர் இடது மூலையில் தாவி விரல் நுனியால் தட்டிவிட்டார். கூட்டம் எழுந்து நின்றது. பார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதி எனக்கு அன்று வேறு எதிலும் கிடைக்கவில்லை.

பிறகு எங்கள் ஆளே மெதுவாகத் தள்ளிய ஒரு பந்து வந்தது. பாய் அதை நிறுத்தக் காலை வைத்தார், பந்துக்கு ஒரு அடி தள்ளி. டிஃபென்ஸ்காரன் பாய்ந்து வந்து வெளியே அடித்தான். அடுத்த நிமிடமே பக்கவாட்டிலிருந்து தூக்கி அடித்த ஒரு கிராஸுக்கு எழும்பும்போது எங்கள் ஆளின் தோளே அவர் தலையில் இடித்தது. அதே பக்கம். அவர் விழவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் பாட்டில்களோடு கிட் அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"ஏனுங்க துரை, பாயோட பார்வை எங்கியோ இருக்குதுங்க."

நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸை மறுபடி கட்டினேன்.

"நீங்க பாத்துட்டுத்தான் இருக்கறீங்க. போயிச் சொல்றீங்களா, நாம் போயிச் சொல்லட்டுங்களா?"

அப்போதுதான் எழுந்தேன். ஆக, அந்தக் கதையில் முதலில் வாய் திறந்தவனும் நான் அல்ல. கோச்சிடம் ஓடி, "பாயை எடுத்துருங்க சார், அவருக்குப் பந்து செரியாத் தெரியலீங்க" என்றேன். கோச் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பயந்த பார்வை அதுதான். "நிச்சயமாவா?" என்றார். "நிச்சயமாங்க" என்றேன். பலகையில் எண் காட்டினார்கள். பாய் தள்ளாடிக்கொண்டே கோட்டுக்கு வந்தார். என் சட்டையைப் பிடித்து, "எட்டு வருசம் காத்திருந்து இன்னைக்குத்தானாடா கெடச்சுது உனக்கு?" என்று கத்தினார். எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்றுதான் இடைவேளையில் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அதை அவர் வாயாலேயே கேட்டேன்.

அதன் பிறகு நான் ஆடியது எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ அடித்தார்கள், என் கை எங்கோ போனது, பந்து கையில் இருந்தது. சத்தமெல்லாம் ரொம்ப தூரத்தில் கேட்டது. விசில் ஊதியபோது, முடிந்துவிட்டதா என்று ரெஃப்ரியிடம் கேட்டேனாம். ஜெயித்துவிட்டோம். என்னைத் தூக்கினார்கள். என் சட்டை முழுக்க மண்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் படுத்திருந்தார். "துரை, மேட்ச் என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "துரை, மேட்ச் என்னாச்சு?" என்றார். ஆட்டத்தன்று காலையிலிருந்து எதுவும் அவர் நினைவில் இல்லை. முழங்கால் பட்டது, இடைவேளை, என்னைத் திட்டியது எல்லாம் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. டாக்டர் வெளியே அவர் மனைவி மும்தாஜ் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: முதல் அடியோடு வெளியே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, இரண்டாவது இடிதான் கெடுத்தது என்று. அக்கா என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதாங்க டாக்டர் கவனிச்சு வெளிய எடுத்துச்சு. இல்லீன்னா என்ன ஆயிருக்குமோ" என்றார். டாக்டர் என் தோளில் தட்டினார்.

அங்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாளாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் இன்னும் கடினமாகிறது. கிளப்பில் என்னைப் பாராட்டினார்கள், புதிதாக வந்தவர்களுக்கு என்னை உதாரணமாகக் காட்டினார்கள். நான் முதல் கீப்பர் ஆனேன்.

வெளிமாநிலத்துக்காரர்கள் திரும்பி வரவில்லை. பாய் ஐந்து மாதம் கழித்துப் பயிற்சிக்கு வந்தார். உடம்பு சரியாகிவிட்டது, டாக்டரும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கிராஸ் வந்தால் முன்னே வராமல் கோல் கோட்டிலேயே நின்றார். வரலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரியும். யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். ஒருநாள் புல்லில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"தலை நல்லாத்தான் இருக்குது துரை. ஆனா அன்னைக்கு நான் என்ன நெலமையில நின்னேன்னு எனக்கே தெரியலையே. நீ பாத்துச் சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியல. தன்னையே தெரியாதவன் பந்தை எப்பிடித் தெரிஞ்சுக்குவான்? இனி நான் எதை முடிவு பண்ணுனாலும், இது செரியான்னு ஒரு சந்தேகம் வந்துருது."

நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது பாய், நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள் என்று ஒரே வரி சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் எழுந்து கோலுக்குள் போயிருப்பார். சொல்லவில்லை. அந்த வருடமே அவர் விலகினார். வழியனுப்பு விழாவில் மேடையில் என் தோளில் கை போட்டு, "என் தலை இன்னைக்கு என் ஒடம்புல இருக்குதுன்னா இவனாலதான்" என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஆறு வருடம் நன்றாகவே ஆடினேன். முப்பத்தாறு வயதில் முழங்கால் போதும் என்றது, நிறுத்திக்கொண்டேன். நல்ல ஆட்டங்கள் இருந்தன, அவற்றைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்காருவீர்கள். கோலில் நிற்பவர் உங்களிடம் "நீ நில்லு" என்று சொன்னால், கேள்வி கேட்காமல் கிளவுஸை மாட்டுங்கள். அவர் சொல்லாமல் உங்களுக்கே தெரிந்தால், உடனே கத்துங்கள். பறித்துக்கொண்டான் என்று உலகம் பேசட்டும். உங்கள் பெயர் கெட்டால் ஒரு மாதத்தில் சரியாகும், தலை கெட்டால் அப்படி இல்லை. இதைச் செய்யாமல் ஒருமுறை தவறிவிட்டீர்களானால், குறைந்தபட்சம் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். முதல் தவறு பாயின் பெரிய ஸ்டேடியத்தைக் கெடுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டாவது தவறு அவர் பிழைப்பையே கெடுத்தது. எது பெரியது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

முகாம் முடிந்த மறுவாரம் கோட்டைமேட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. அவர் கடையில் இலவம் பஞ்சைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். காற்றில் பஞ்சு மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. அவர் தாடியிலும் புருவத்திலும் பஞ்சு. "வா துரை, வா. பத்து வருசத்துக்கு மேல மண்ணுல உழுந்து எந்திரிச்சவன், இப்ப ஊருக்கே மெத்தை தைக்கறேன் பாரு" என்று சிரித்தார். எப்போதும் சொல்கிற நகைச்சுவைதான்.

நான் உட்கார்ந்து, உங்களுக்கு எழுதியது போலவே எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறைக் கதவு, கிளவுஸ், வெல்க்ரோ, எதையும் விடவில்லை. அவர் பெரிய ஊசியால் மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிசை முடிந்ததும் நூலை அறுத்தார்.

"நீ இப்பக் கெளம்பு துரை."

"பாய்..."

"கெளம்புன்னு சொன்னேனல்ல. நான் ஏதாவது சொல்லிப்போடுவேன்."

வந்துவிட்டேன். உக்கடம் பஸ் நிலையம் வரை நடந்தது நினைவிருக்கிறது, எந்த பஸ்ஸில் ஏறினேன் என்பது நினைவில்லை. மன்னிப்பு கிடைக்கும் என்று போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"நான் என்ன சொன்னேன்? வார்த்தையை மாத்தாமச் சொல்லு."

"'இன்னைக்கு நீ நில்லு. எனக்குப் பந்து ரெண்டாத் தெரியுது'ன்னு சொன்னீங்க பாய்."

"நீ கேட்டியா, எப்பிடி இருக்குதுன்னு?"

"இல்லீங்க."

"பிசியோ கேட்டாரா?"

"யாரும் கேக்கலீங்க. நீங்களாத்தான் சொன்னீங்க."

 மூச்சு மட்டும் கேட்டது. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் என்னிடம் பேசவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது, வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிடுவது தள்ளிக் கேட்டது.

"மும்தாஜ், இங்க வா. வேலையெல்லாம் அப்பறம் பாக்கலாம், வா சொல்றேன். எனக்குத் தெரிஞ்சிருக்குது மும்தாஜ். அன்னைக்கு எனக்கே தெரிஞ்சிருக்குது."